ஒரே பந்தியில் இரண்டு இனம்: டெலானோ திராட்சை வேலைநிறுத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

1965 செப்டம்பர் 7. கலிபோர்னியாவின் டெலானோ ஊரில், கிளென்வுட் தெருவில் இருக்கும் பிலிப்பினோ ஹாலில் அன்று இரவு கூடியவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள். பலருக்குக் கல்யாணம் ஆகவில்லை. சொந்த வீடு கிடையாது. தோட்ட முதலாளியின் முகாமில்தான் கட்டில். அந்தக் கட்டிலையும் பணயம் வைக்கும் முடிவைத்தான் அன்று எடுத்தார்கள்: நாளைக் காலை முதல் திராட்சை பறிக்கப் போவதில்லை.

டெலானோ வேலைநிறுத்தம் என்றதும் மெக்சிகத் தொழிலாளர்களின் தலைவர் சீசர் சாவெஸ் பெயர்தான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். தபால் தலையில் அவர் முகம் இருக்கிறது, தெருக்களுக்கு அவர் பெயர் இருக்கிறது. தொடங்கியது பிலிப்பினோக்கள், மெக்சிகர்கள் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் சேர்ந்தார்கள் என்பது இப்போது பாடப் புத்தகத்திலும் வந்துவிட்டது. யார் முதல் என்ற சண்டையில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. ஒரே முதலாளியிடம் கூலிக்கு நின்ற இரண்டு சிறுபான்மை இனங்கள் எப்படிச் சேர்ந்தன, சேர்ந்து ஜெயித்த பிறகு அதில் ஒரு தரப்பு ஏன் தோற்றவர்களைப் போல விலகியது என்பதுதான் என் கேள்வி. இதற்கு விடை தேடும் பலர் தலைவர்களின் குணத்தில் போய் நிற்கிறார்கள். படுக்கை எங்கே, சோறு எங்கே, வேலைச்சீட்டு யார் கையில் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகப் பிடிபடுகிறது என்பது என் கட்சி.

மனோங்குகள்

பிலிப்பைன்ஸ் மொழிகளில் ஒன்றான இலோகானோவில் ‘மனோங்’ என்றால் அண்ணன். கலிபோர்னியா வயல்களில் வயதாகிப்போன பிலிப்பினோ ஆண்கள் அனைவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. தம்பி, பிள்ளை என்று கூப்பிட அவர்களுக்கு அங்கே யாரும் பெரிதாக இருக்கவில்லை என்பது வேறு கதை. அந்தக் கதையும் சட்டத்தால் எழுதப்பட்டதுதான்.

1898-ல் பிலிப்பைன்ஸ், ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. அதனால் பிலிப்பினோக்கள் அமெரிக்காவில் குடிமக்களும் இல்லை, அயல்நாட்டவரும் இல்லை. ‘நேஷனல்’ என்று ஒரு இடைப்பட்ட வகை. சீனத் தொழிலாளர்களுக்கு 1882-லும், ஜப்பானியர் உள்ளிட்ட மற்ற ஆசியர்களுக்கு 1924-லும் கதவு சாத்தப்பட்டபோது இவர்களுக்கு மட்டும் அது திறந்தே இருந்தது. 1920-களில் இளைஞர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். பலருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. பின்னாளில் டெலானோ வேலைநிறுத்தத்தை முன்னின்று தொடங்கிய லாரி இட்லியோங் 1929-ல் வந்தபோது அவருக்கு 15 வயது. வக்கீலாக வேண்டும் என்று நினைத்திருந்தார். அலாஸ்காவின் மீன் டப்பா ஆலையில் ஒரு விபத்தில் மூன்று விரல்கள் போயின. ‘ஏழு விரல்காரர்’ என்ற பட்டப்பெயர்தான் மிச்சம். அவருக்கு மூன்று வருடம் முன்னால் வந்த பிலிப் வேரா க்ரூஸுக்கும் படிப்பு பாதியில் நின்றது. ஊரிலிருந்த தம்பி, தங்கைக்குப் பணம் அனுப்பியே காலம் போயிற்று.

வந்தவர்களில் பெண்கள் மிகச் சிலர். வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ள கலிபோர்னியாவின் கலப்புமணத் தடைச் சட்டம் விடவில்லை. இதில் ஒரு வேடிக்கை நடந்தது. சட்டத்தில் ‘மங்கோலியர்’ என்றுதான் இருக்கிறது, நாங்கள் மலாய் இனம், எனவே எங்களுக்கு அது பொருந்தாது என்று ரோல்டான் என்ற பிலிப்பினோ வாதாடி, 1933-ல் நீதிமன்றத்தில் ஜெயித்தார். சட்டமன்றம் சும்மா இருக்குமா? அதே வருடம் ‘மலாய் இனம்’ என்ற இரண்டு சொல்லைச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. அந்தத் தடை 1948-ல்தான் மாநில உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. அதற்குள் 1920-களில் வந்தவர்களுக்கு நாற்பது வயது ஆகியிருந்தது.

1930 ஜனவரியில் வாட்சன்வில்லில், பிலிப்பினோக்கள் வெள்ளைக்காரப் பெண்களோடு நடன அரங்கில் ஆடுகிறார்கள் என்று சொல்லிக் கும்பல்கள் பல நாள் வேட்டையாடின. முகாமுக்குள் இருந்த ஃபெர்மின் டொபேரா என்ற 22 வயது இளைஞர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். நான்கு வருடம் கழித்து, பிலிப்பைன்ஸுக்கு விடுதலை தருவதாக வாக்களித்த டைடிங்ஸ்–மெக்டஃபி சட்டம், அந்த நாட்டிலிருந்து வருடத்துக்கு 50 பேர் மட்டுமே குடியேறலாம் என்று சொன்னது. விடுதலையையும் கதவடைப்பையும் ஒரே காகிதத்தில் கொடுத்தார்கள்.

ஆக, 1965-ல் டெலானோவில் நின்றவர்கள் குடும்பமில்லாத கிழட்டு ஒண்டிக்கட்டைகள் என்றால், அது அவர்கள் தலையெழுத்தல்ல. ஆனால் சங்கம் நடத்துவதில் அவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 1939-லும் 1948-லும் ஸ்டாக்டன் பக்கத்து அஸ்பாரகஸ் வயல்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள். மணவாழ்க்கை இல்லாமற்போனதே ஒருவிதத்தில் இதற்கு உதவியிருக்கும். இருபது, முப்பது பேர் ஒரே குழுவாகச் சேர்ந்து உண்டு, உறங்கி, ஊர் ஊராக வேலைக்குப் போனவர்களுக்குள் இருக்கும் ஒட்டுதல் வேறு.

முகாம்களின் கணக்கு

சாப்பாட்டுத் திராட்சையை ஒயின் திராட்சை போல அள்ளிக் கொட்ட முடியாது. கொத்தைக் காம்பில் பிடித்து நறுக்கி, அழுகினது, வெடித்தது, சிறுத்தது எல்லாவற்றையும் கத்தரி முனையால் கிள்ளி எறிய வேண்டும். தோலின் மேல் படிந்திருக்கும் வெண்பொடி கலையக் கூடாது. கலைந்தால் சந்தையில் விலை இறங்கும். அப்புறம் பெட்டியில் அடுக்க வேண்டும். மணிக்கூலியோடு பெட்டிக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு தொகை. இந்தக் கைவேலையில் பிலிப்பினோ குழுக்களுக்கு நல்ல பெயர் இருந்தது.

மே மாதம் தெற்கே கோச்செல்லா பாலைவனத்தில் பழுக்கத் தொடங்கும் திராட்சை, வெயிலைப் போல மெல்ல வடக்கே நகர்ந்து, கோடை முடியும்போது டெலானோவில் உச்சத்துக்கு வரும். தொழிலாளர்களும் அதன் பின்னால் போவார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் இனத்துக்கு ஒரு முகாம், இனத்துக்கு ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் அதே இனத்தில் ஒரு கங்காணி. மெக்சிகக் குடும்பங்கள் பெரும்பாலும் ஊருக்குள், ரயில் பாதைக்கு மேற்கே வாடகை வீடுகளில் இருந்தார்கள். பிலிப்பினோக்கள் முகாம்களில். பின்னாளில் ஏமனிலிருந்து வந்த அரபு இளைஞர்களுக்கும் இப்படியே தனி முகாம் வந்தது. வயலில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நிற்பவர்கள் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் பல பருவங்களைக் கழிக்கலாம். ஒரு இனம் வேலையை நிறுத்தினால் அடுத்த இனத்தைக் கருங்காலியாகக் கொண்டுவந்து இறக்கலாம். இரண்டு பக்கமும் இது நடந்திருக்கிறது. பிலிப்பினோ நிறுத்தத்தை மெக்சிகர்கள் உடைத்தார்கள், மெக்சிகர் நிறுத்தத்தைப் பிலிப்பினோக்கள் உடைத்தார்கள்.

முதலாளிகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். டெலானோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களில் கணிசமானவர்கள் குரோவேஷியாவிலிருந்தும் சிசிலியிலிருந்தும் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். நாங்கள் உழைத்து முன்னுக்கு வரவில்லையா என்ற கேள்வி அவர்களிடம் தயாராக இருந்தது. அவர்களுக்கு நிலம் வாங்கத் தடையில்லை. குடியுரிமை கேட்டால் கிடைத்தது. ஆசியர்களுக்கு அந்த இரண்டும் பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்டன. இந்த வித்தியாசம் அவர்கள் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

நாட்டுச் சட்டமும் அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது. 1935-ன் தேசியத் தொழிலுறவுச் சட்டம் சங்கம் வைக்கும் உரிமையை ஆலைத் தொழிலாளிக்குக் கொடுத்தபோது, விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. சட்டத்தில் இனம் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் அந்த இரண்டு வேலையிலும் தெற்கே கறுப்பர்களும் மேற்கே மெக்சிகர், ஆசியர்களும்தான் நிறைந்திருந்தார்கள்.

பன்னிரண்டு நாள்

1942 முதல் 1964 வரை ‘பிராசெரோ’ என்ற திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அரசே வரவழைத்துக் கொடுத்தது. உள்ளூர்க் கூலி உயராமல் இருந்ததற்கு அது முக்கியக் காரணம். 1965-ல் திட்டம் முடிந்திருந்தது. இனி வெளிநாட்டுக் கூலி வேண்டும் என்று கேட்கும் முதலாளி மணிக்கு 1.40 டாலராவது கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் துறை சொன்னது. அந்த மே மாதம் கோச்செல்லாவில் உள்ளூர் பிலிப்பினோக்களுக்கு அதைவிடக் குறைத்துக் கொடுக்க வந்தார்கள். வந்தவனுக்கு அந்தக் கூலி, முப்பது வருடமாக இருப்பவனுக்கு இந்தக் கூலியா என்று கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பழம் பாலைவன வெயிலில் காத்திருக்காது. பத்து நாளுக்குள் 1.40 கிடைத்தது. எழுத்தில் ஒப்பந்தம் மட்டும் கிடைக்கவில்லை.

ஒப்பந்தம் இல்லாததன் விலை செப்டம்பரில் தெரிந்தது. டெலானோவுக்கு வந்தால் பழையபடி குறைந்த கூலி. இட்லியோங் அப்போது அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்.–சி.ஐ.ஓ. நடத்திய விவசாயத் தொழிலாளர் அமைப்புக் குழுவின் ஆள். வேரா க்ரூஸ், பீட் வெலாஸ்கோ, ஆன்டி இமுடான் ஆகியோர் உடன் இருந்தார்கள். மணிக்கு 1.40, பெட்டிக்கு 25 சென்ட் என்று கோரிக்கை வைத்து, செப்டம்பர் 8 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தினார்கள். முதல் நாட்களில் மறியல்கூடப் பெரிதாக இல்லை. முகாமை விட்டு வயலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். முதலாளிகள் தண்ணீரை நிறுத்தினார்கள், எரிவாயுவை நிறுத்தினார்கள். வெளியே விறகு மூட்டிச் சமைத்தார்கள். அப்புறம் சாமான்களைத் தூக்கி வெளியே வீசி, கதவுகளை அடைத்தார்கள். இருபது, முப்பது வருடமாக அதே முகாமில் படுத்த ஆட்கள் தகரப்பெட்டியோடு ரோட்டில் நின்றார்கள்.

மெக்சிகர்கள் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இட்லியோங் நேராகச் சாவெஸிடம் போனார்.

சாவெஸும் டோலோரஸ் ஹுவேர்ட்டாவும் 1962-ல் தொடங்கிய தேசியப் பண்ணைத் தொழிலாளர் சங்கம் அப்போது சண்டைக்குத் தயாரான சங்கமாக இல்லை. ஈமச்செலவுக் காப்பீடு, கடன் கூட்டுறவு, மாதம் 3.50 டாலர் சந்தா என்று நடந்த ஒரு பரஸ்பர உதவிச் சங்கம். பெரிய வேலைநிறுத்தத்துக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பது சாவெஸின் கணிப்பு. வேலைநிறுத்த நிதியில் நூறு டாலர்கூட இல்லை. ஆனால் முடியாது என்று சொன்னால் அவருடைய ஆட்கள் கருங்காலிகள் ஆவார்கள். அந்த அவப்பெயரோடு அப்புறம் எந்தச் சங்கத்தைக் கட்டுவது? செப்டம்பர் 16 அன்று, மெக்சிகோவின் விடுதலை நாளில், குவாடலூப்பே மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, பிலிப்பினோக்களோடு சேர்வது என்று முடிவெடுத்தார்கள். 20-ஆம் தேதி முதல் மறியல் வரிசையில் இரண்டு இனமும் நின்றது.

அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது சாமர்த்தியம். தங்கள் ஆட்களைத் திரட்டச் சங்கம் மெக்சிக நினைவையும் மாதா படத்தையும் கருங்கழுகுக் கொடியையும் எடுத்தது, அதெல்லாம் பலித்தது. இதே அடையாளங்கள் பிற்பாடு இன்னொரு இனத்துக்கு அந்நியமாகப்படும் என்று அன்றைக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்க நேரமும் இல்லை.

கஞ்சித்தொட்டி

ஒற்றுமைத் தீர்மானம் கோயில் மண்டபத்தில் நிறைவேறியிருக்கலாம். ஒற்றுமை சமைந்தது பிலிப்பினோ ஹாலின் அடுக்களையில். முகாமிலிருந்து துரத்தப்பட்ட மனோங்குகளுக்குச் சோறு போட அங்கே அடுப்பு மூட்டினார்கள். பல வருடம் முகாம்களில் குழுவுக்குச் சமைத்துப் போட்ட ஆட்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். மெக்சிகர்களும் சேர்ந்தபிறகு அந்த அடுப்பே எல்லோருக்குமான கஞ்சித்தொட்டி ஆயிற்று. மீன்தலைச் சாறும் அடோபோவும் சோறும் ஒரு பக்கம், பீன்ஸும் டார்ட்டியாவும் இன்னொரு பக்கம். நீண்ட மேசைகளில் கலந்து உட்கார வேண்டியதாயிற்று. ஒருவர் தட்டில் இன்னொருவர் சாப்பாடு விழுந்தது. பக்கத்து வரிசையில் பல வருடம் வேலை செய்தவரின் பெயரைப் பலர் அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டார்கள்.

முதலாளிகள் பல பத்தாண்டு கட்டிக்காத்த முகாம் பிரிவினையை உடைத்தது இந்தப் பந்தி. பேச்சால் அதைச் செய்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். பாதிப்பேருக்குப் பாதிப்பேர் மொழி தெரியாது. கூட்டம் முடியும்போது எல்லோரும் மெல்லத் தட்டத் தொடங்கி, வேகம் கூடி, ‘இசாங் பக்சாக்’ என்ற குரலுக்கு ஒரே அடியாகத் தட்டி முடிக்கும் வழக்கம் அமெரிக்கப் பிலிப்பினோ அமைப்புகளில் இன்றும் உண்டு. பிலிப்பைன்ஸின் இன்னொரு மொழியான டகாலோக்கின் சொல் அது; ‘ஒரே வீழ்ச்சி’ என்று பொருள். டெலானோவில் பொதுமொழி இல்லாதவர்கள் கையால் பேசியதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

நகரத்துக்குப் போன பழம்

அடுத்த ஐந்து வருடத்தை எழுதியவர்கள் ஏராளம், நான் வேகமாகத் தாண்டுகிறேன். 1965 டிசம்பரில் கார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதர் டெலானோவுக்கு வந்து மாதம் 5,000 டாலர் தருவதாகச் சொன்னார். 1966 மார்ச்சில் செனட் துணைக்குழு விசாரணைக்கு வந்த ராபர்ட் கென்னடி, குற்றம் எதுவும் நடக்கும் முன்பே மறியல்காரர்களைக் கைது செய்ததாகச் சொன்ன ஷெரிஃபிடம், மதிய இடைவேளையில் அரசியல் சட்டத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்றார். மறுநாளே டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சேக்ரமென்டோவுக்கு நடைப்பயணம் கிளம்பி, 25 நாளில் ஏறத்தாழ 300 மைல் நடந்து, ஏப்ரல் 10 ஈஸ்டர் அன்று போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் இரண்டு சங்கங்களும் ஒன்றாக இணைந்தன. சாவெஸ் இயக்குநர், இட்லியோங் துணை இயக்குநர். சமமாகத் தொடங்கியவர்களில் யார் மேல், யார் கீழ் என்று முதல்முறை எழுத்தில் வந்தது அப்போதுதான். இணைப்பு பற்றிப் பிலிப்பினோக்களிடம் கேட்ட விதம் சரியில்லை என்ற மனத்தாங்கல் வேரா க்ரூஸுக்குக் கடைசிவரை இருந்தது.

புறக்கணிப்பு மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். வயலில் மறியல் செய்தால் நீதிமன்றத் தடை வந்தது, எல்லைக்கு அப்பாலிருந்து புதுக் கூலி வந்தது. ஆகவே பழத்தின் பின்னாலேயே நகரங்களுக்குப் போனார்கள். முதலில் கியுமாரா என்ற பெரிய தோட்டத்தின் பழத்துக்கு மட்டும், 1968 முதல் கலிபோர்னியாவின் சாப்பாட்டுத் திராட்சை முழுவதற்கும் புறக்கணிப்பு. கடை வாசலில் நின்று, இந்தப் பழத்தை விற்கும் கடைக்கே போகாதீர்கள் என்று சொல்வதை 1947-க்குப் பிறகு ஆலைச் சங்கங்கள் செய்ய முடியாது. தொழிலுறவுச் சட்டத் திருத்தம் அதைத் தடுத்தது. விவசாயக் கூலிகளைத்தான் அந்தச் சட்டத்திலேயே சேர்க்கவில்லையே! உரிமை கொடுக்காத சட்டம் தடையும் போட முடியாமல் நின்றது. மனோங்குகள் சிகாகோ, நியூயார்க் குளிரில் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ஆளுநர் ரீகன் எல்லோர் கண்முன்னாலும் திராட்சை தின்று காட்டினார்.

1970 ஜூலை 29 அன்று டெலானோ முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். மணிக்கு 1.80 டாலர், பெட்டிக்கு 20 சென்ட், மருத்துவத் திட்டத்துக்கு மணிக்கு 10 சென்ட், டிடிடி போன்ற பூச்சிமருந்துகளுக்குக் கட்டுப்பாடு. ஐந்து வருடம் முன்பு பிலிப்பினோ ஹாலில் கேட்டது 1.40-தான்.

வேலைச்சீட்டு

இனிமேல்தான் கதை சிக்கலாகிறது.

ஒப்பந்தத்தின் இதயம் கூலி இல்லை. இனி ஆள் எடுப்பது கங்காணி வழியாக அல்ல, சங்கம் நடத்தும் ஹயரிங் ஹால் வழியாக என்ற ஷரத்துதான். முதலாளிக்கு ஆள் தேவையென்றால் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும்; சங்கம் மூப்பு வரிசையில் சீட்டுக் கொடுத்து அனுப்பும். கங்காணி முறை எவ்வளவு மோசம் என்று தெரிந்தவர்கள் இதை எதிர்க்க மாட்டார்கள். கூலியில் கமிஷன், சோற்றுக் காசில் கொள்ளை, பிடிக்காதவனுக்கு வேலை இல்லை. அதை ஒழித்தது நியாயம். மெக்சிகக் குடும்பங்களுக்கு அது மரியாதையாகவே வந்து சேர்ந்தது.

பிலிப்பினோக்களுக்கு வந்து சேர்ந்தது வேறு. அவர்கள் குழுவாக வாழ்ந்தவர்கள். ஹாலில் வரிசையில் நின்றால் சீட்டு ஆளுக்குத்தான், குழுவுக்கு இல்லை. இருபது வருடம் ஒன்றாக இருந்த குழுவில் நாலு பேர் ஒரு தோட்டத்துக்கு, மூன்று பேர் வேறு தோட்டத்துக்கு என்று பிரிந்தார்கள். சீட்டுக்கு முன் பழைய சந்தா பாக்கியைக் கட்டச் சொன்னார்கள். மூப்பைச் சங்கத்தில் சேர்ந்த நாளை வைத்துக் கணக்கிட்டபோது, ஒரே முதலாளியிடம் பதினைந்து வருடம் இருந்த ஆள் வரிசையில் பின்னால் போனார். பிலிப்பினோ குழுத் தலைவர்கள் கங்காணி என்ற முத்திரையோடு ஓரங்கட்டப்பட்டார்கள். அவர்களில் முதலாளியின் கையாட்களும் இருந்தார்கள், குழுவுக்கு உண்மையிலேயே அண்ணனாக இருந்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஹாலின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த இளைஞர்களுக்குத் தெரியவில்லை. முதலாளிகள் இதற்கிடையில் பழைய முகாம்களை மூடத் தொடங்கினார்கள். ஒப்பந்தம் வந்தது, கட்டில் போயிற்று.

கூட்டங்கள் ஸ்பானிஷில் நீண்டுகொண்டே போகும். மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் நாலு வரி வரும், இலோகானோவில் வராது. சங்கத்தில் மெக்சிகர்கள் பல மடங்கு அதிகம். வாக்கெடுப்பு நடந்தால் முடிவு எப்படி வரும் என்பது முன்பே தெரியும். யாரும் பிலிப்பினோக்களை வெறுக்கவில்லை, எந்த விதியும் அவர்கள் இனத்தைச் சொல்லவில்லை. 1935-ன் சட்டத்தைப் போலவேதான். எல்லோருக்கும் பொதுவாக எழுதிய விதி, ஒரு இனம் வாழும் விதத்தின் மேல் போய் விழுந்தது. சங்கத்தின் தலைமை இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது வெறும் கவனக்குறைவு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இட்லியோங் பலமுறை எடுத்துச் சொன்னார், கேட்கப்படவில்லை. 1971 அக்டோபரில் விலகினார்.

1973-ல் ஒப்பந்தங்கள் காலாவதியானபோது முதலாளிகள் அதைப் புதுப்பிக்காமல், டீம்ஸ்டர் என்ற லாரித் தொழிலாளர் சங்கத்தோடு தங்களுக்கு வசதியாக ஒப்பந்தம் போட்டார்கள். அதில் ஹயரிங் ஹால் கிடையாது. பழையபடி குழு, பழையபடி கங்காணி. பிலிப்பினோக்களில் ஒரு பகுதி அந்தப் பக்கம் போனது. துரோகம் என்று அப்போது சொன்னார்கள். வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்களையே அங்கே தள்ளிவிட்டது எது என்று கேட்டவர்கள் குறைவு. அந்தக் கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள். ஷெரிஃப் துறை அதிகாரி டார்ச் விளக்கால் அடித்ததில் நாகி தைஃபல்லா என்ற 24 வயது ஏமன் இளைஞர் இறந்தார். இரண்டு நாள் கழித்து மறியல் வரிசையில் ஹுவான் டெ லா க்ரூஸ் என்ற 60 வயது மெக்சிகர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மெக்சிகர் என்ற அடையாளமும் ஒரே துண்டாக இருக்கவில்லை. 1974-ல் சங்கம், காகிதம் இல்லாமல் எல்லை கடந்து வந்து வேலைநிறுத்தத்தை உடைப்பவர்களைக் குடியேற்றத் துறைக்குக் காட்டிக்கொடுக்கும் இயக்கமே நடத்தியது. அவர்களும் மெக்சிகர்கள்தான், சில வீடுகளில் சங்க உறுப்பினரின் மச்சானோ ஒன்றுவிட்ட தம்பியோ. உள்ளேயே எதிர்ப்பு கிளம்பி, சங்கம் பின்னாளில் அந்தப் போக்கை விட்டது.

கடைசி முறிவு வெளிநாட்டிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸில் 1972 முதல் ராணுவச் சட்டம் போட்டு ஆண்டுகொண்டிருந்த மார்கோஸின் அழைப்பை ஏற்று 1977-ல் சாவெஸ் மணிலா போனார். பிலிப்பினோ உறுப்பினர்களைத் திரும்ப இழுக்க இது உதவும் என்பது கணக்கு. அங்கே தொழிற்சங்கக்காரர்கள் சிறையில் இருந்தார்கள். போய்வந்து மார்கோஸைப் பாராட்டியும் பேசினார். ஒரு இனத்தின் மனதைப் பிடிக்க அந்த இனத்தின் சர்வாதிகாரியோடு கைகுலுக்கலாம் என்ற நினைப்பே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலிப்பினோக்களோடு பேச்சு எவ்வளவு அற்றுப்போயிருந்தது என்பதைக் காட்டுகிறது. சங்கத்தின் இரண்டாம் துணைத் தலைவராக அதுவரை தாக்குப்பிடித்த வேரா க்ரூஸ் அந்த வருடமே விலகினார். இட்லியோங் அதே 1977 பிப்ரவரியில் 63 வயதில் டெலானோவில் இறந்திருந்தார்.

அக்பயானி கிராமம்

1967-ல் மறியல் வரிசையில் மாரடைப்பால் இறந்துபோன மனோங் பவுலோ அக்பயானி. டெலானோவுக்கு மேற்கே, சங்கத்துக்குச் சொந்தமான ‘நாற்பது ஏக்கர்’ நிலத்தில், முகாம் இழந்த கிழவர்களுக்காகக் கட்டிய விடுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இட்லியோங் சங்கத்தை விட்டுப் போன பிறகும் விடாமல் துரத்திய காரியங்களில் இது ஒன்று. பல நாடுகளிலிருந்தும் தொண்டர்கள் வந்து செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள். 1974 ஜூனில் திறப்பு விழா.

ஏறத்தாழ 60 அறைகள், அறைக்கு ஒருவர். நடுவில் முற்றம். பொதுவாக ஒரு அடுக்களை, பொதுவாக ஒரு சாப்பாட்டுக் கூடம். குடும்பம் இல்லாதவர்களுக்கு வீடு கட்டினால் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்து கட்டியது. தோட்ட முகாமில் இருந்த அதே அமைப்புதான், ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது, தண்ணீரை நிறுத்த யாரும் இல்லை. அறைகள் தயாரானபோது வர வேண்டியவர்களில் பலர் உயிரோடு இல்லை. வந்தவர்கள் முற்றத்தில் கத்தரி, பாகல் போட்டார்கள், சேவல் வளர்த்தார்கள். 

விடுதியின் முதல் மேலாளர் லொரெய்ன் அக்டாங் என்ற இளம்பெண். டெலானோ பக்கத்து முகாம் ஒன்றில் பிறந்தவர். அப்பா பிலிப்பினோ, அம்மா மெக்சிகர்.